ஞாயிறு பின்னேரம் தொடங்கும் வயிற்றுவலி

கேள்வி:

வணக்கம் அக்கா. எங்கள் ஊர் ஹட்டன் பக்கம். கணவர் பதினாறு வயதிலிருந்து கொழும்பில்தான் வேலை செய்கிறார், இப்போது காலி வீதியில் ஒரு துணிக்கடையில். இந்த வருடம் ஜனவரியில் நானும் மகனும் வந்து வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸ் அறையில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, தரம் 4. ஊரில் பள்ளிக்கூடத்துக்கு முதல் ஆளாக ஓடுகிற பிள்ளை. இங்கே வந்து இரண்டாவது மாதத்திலிருந்து காலையில் வயிற்றுவலி என்கிறான். சில நாள் வாந்தியும் எடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரமே முகம் வாடிவிடும். சித்திரை விடுமுறைக்கு ஊரில் இரண்டு வாரம் இருந்தோம், ஒரு நாள்கூட வலிக்கவில்லை. டொக்டர் இரத்தம், சலம், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். அதிலிருந்து இவர் "நடிப்பு" என்கிறார். ஒரு நாள் பெல்ட்டால் அடித்தும் விட்டார். "நான் இந்த ஊரில் கேட்காத பேச்சா?" என்கிறார். வகுப்பில் பிள்ளைகள் மகன் பேசுவதைச் சொல்லிக் காட்டிச் சிரிக்கிறார்களாம், ஒரு பெயர் வைத்தும் கூப்பிடுகிறார்களாம். கொடுத்துவிடுகிற ரொட்டி பல நாள் அப்படியே திரும்பி வருகிறது. டீச்சரிடம் சொன்னால் பிள்ளையை இன்னும் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். வீட்டிலும் யாழ்ப்பாணத் தமிழ் பேசிப் பழக்கலாமா? வேறு பாடசாலைக்கு மாற்றலாமா? அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை, இப்போதே டியூஷனில் சேர்க்கச் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லை எழுதிவிட்டுப் பேனையால் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாசித்தேன். அதை நானும் இங்கே எழுதப் போவதில்லை. மலையகத்துப் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிற அந்தச் சொல் எது என்று கொழும்பில் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கே எழுதக் கை கூசிய ஒரு சொல்லை, ஒன்பது வயதுப் பிள்ளை மாதக்கணக்கில் தினமும் காதால் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது. எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. கோபமும் வந்தது.

நீங்கள் கேட்டவற்றில் ஒன்றுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பேச்சை மாற்ற வேண்டாம். ஏன் என்று பிறகு விளக்கமாகச் சொல்கிறேன். முதலில் வயிற்றுவலியைப் பார்ப்போம். அதில்தான் உங்கள் வீட்டில் சண்டையே நடக்கிறது.

டொக்டர் "ஒன்றும் இல்லை" என்று சொன்னது, குடலில் புண்ணோ கிருமியோ இல்லை என்ற அர்த்தத்தில். வலி இல்லை என்று அவர் சொல்லவில்லை. நம்முடைய குடலின் சுவரில் மட்டும் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்புக் கலங்கள் இருக்கின்றன. மூளையும் குடலும் ஓயாமல் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொண்டே இருக்கும். பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ ஆயத்தமாகிறது. இரத்தம் கை கால் தசைகளுக்குப் போகிறது, செரிமானம் மந்தமாகிறது, குடல் இறுகிப் பிடிக்கிறது. பெரியவர்களுக்கும் இது நடக்கும். நேர்முகப் பரீட்சைக்குப் போகிற அன்று காலையில் எத்தனை தரம் கழிவறைக்கு ஓடுகிறோம்! அதை யாரும் நடிப்பு என்று சொல்வதில்லையே. சின்னப் பிள்ளைகளுக்கு "எனக்குப் பயமாக இருக்கிறது, அவமானமாக இருக்கிறது" என்று சொல்லத் தெரியாது. வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியும். உங்கள் மகன் உண்மையைத்தான் சொல்கிறான்.

ஞாயிறு பின்னேரம் தொடங்கி, பள்ளிக்கூட நாட்களில் காலையில் கூடி, சித்திரை விடுமுறையில் அடியோடு இல்லாமல் போன வலி. இதை நீங்களே கவனித்து எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை விட எனக்கு அதுதான் அதிகம் உதவியது.

இன்னொன்றை நீங்கள் போகிற போக்கில் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். ரொட்டி அப்படியே திரும்பி வருகிறது என்று. அந்த இடத்தில்தான் நான் கடிதத்தைக் கீழே வைத்தேன். பசி இல்லாததால் சாப்பிடாமல் இருக்கலாம். ஆனால் பெட்டியைத் திறந்தால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்பதால், அல்லது பக்கத்தில் இருந்து சாப்பிட ஆள் இல்லாததால் திறக்காமலே விடுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாட நேரத்தில் டீச்சர் முன்னால் நிற்கிறார், கேலி செய்கிறவர்கள் அடங்கியிருப்பார்கள். இடைவேளைதான் யாருடைய கண்ணும் இல்லாத நேரம். உங்கள் மகனுக்குப் பாடத்தில் பிரச்சினை இல்லை, அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பிரச்சினை என்று நினைக்கிறேன். நான் தவறாகவும் இருக்கலாம். அதனால் பிள்ளையிடமே கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் "இன்றைக்கு யார் என்ன சொன்னது?" என்று கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்பதை விட, கை வேறு வேலையாக இருக்கும்போது கதைப்பது பிள்ளைகளுக்கு இலகு. கீரை ஆயும்போதோ, பின்னேரம் கடற்கரைப் பக்கம் நடக்கும்போதோ கதையுங்கள். நான் என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் ஒரு கடதாசியும் கலர் பென்சிலும் கொடுத்து, "உங்கள் பள்ளிக்கூடத்தை மேலேயிருந்து ஒரு பறவை பார்த்தால் எப்படித் தெரியும், வரைந்து காட்டுங்கள்" என்பேன். வரைந்த பிறகு, பிடித்த இடத்துக்கு ஒரு கலர், பிடிக்காத இடத்துக்கு ஒரு கலர். சில வருடங்களுக்கு முன் எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி வகுப்பு, மைதானம், கன்ரீன் எல்லாவற்றையும் பச்சையாகத் தீட்டிவிட்டு, மூலையில் இருந்த கழிவறையை மட்டும் கறுப்பால் தேய்த்துத் தேய்த்துக் கடதாசியையே கிழித்துவிட்டாள். அங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பெரிய பிள்ளைகள் வந்து தள்ளித் திறப்பார்களாம். அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். வீட்டில் அவளுக்குச் சலத்தில் கிருமி என்று மூன்று தரம் மருந்து எடுத்திருந்தார்கள். கடைசியில் அவளைக் குணப்படுத்தியது புதிதாகப் பூட்டிய ஒரு தாழ்ப்பாள். உங்கள் மகனையும் வரையச் சொல்லுங்கள். எந்த இடம் கறுப்பாகிறது என்று பாருங்கள். அவன் சொல்வதைக் கேட்கும்போது உடனே அறிவுரை சொல்லாதீர்கள். "நீயும் திருப்பிச் சொல்ல வேண்டியதுதானே" என்பது வேண்டாம். "அப்படியா, அது உனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்" என்பது முதல் நாளுக்குப் போதும்.

இனி வீட்டுப் பேச்சு. உங்கள் மகன் இன்னும் சில மாதத்தில் தானாகவே "என்னெண்டு", "வாங்கோ" என்று பேசத் தொடங்கினாலும் ஆச்சரியமில்லை. விளையாடுகிற இடத்துப் பேச்சு பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படி வந்தால் வரட்டும், அதிலும் தப்பில்லை. ஆனால் நீங்களே உட்கார்ந்து "அங்கிட்டு இங்கிட்டு என்று சொல்லாதே, இப்படிச் சொல்லு" என்று திருத்தத் தொடங்கினால் பிள்ளை என்ன விளங்கிக்கொள்ளும்? சிரித்தவர்கள் சரியாகத்தான் சிரித்தார்கள், அம்மாவுக்கே நம்முடைய பேச்சு வெட்கம் என்று விளங்கிக்கொள்ளும். காலை 7.30 மணியிலிருந்து 1.30 மணி வரை ஆறு மணித்தியாலம் நாக்கைப் பிடித்துக்கொண்டு இருக்கிற பிள்ளை அது. வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது நாக்கையும் அவிழ்த்துவிட ஓர் இடம் வேண்டும். அந்த ஓர் அறைதான் இப்போது அவனுக்கு இருக்கிற ஊர்.

அதுமட்டுமில்லை. வெள்ளவத்தைச் சந்தைக்குள் ஒரு தரம் அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். மரக்கறிக் கடையில் ஒரு தமிழ், மீன் விற்கிறவரிடம் ஒரு தமிழ், பக்கத்தில் சிங்களம் கலந்த தமிழ், மட்டக்களப்பிலிருந்து வந்தவரின் தமிழ் எல்லாம் கேட்கும். "இது யார் பேச்சு சொல்லு பார்ப்போம்" என்று விளையாட்டாகக் கேளுங்கள். கொழும்பு அப்படிப்பட்ட ஊர். உங்கள் பேச்சும் அதில் ஒன்று. ஒன்பது வயதுக்கு இதை வாயால் விளக்க முடியாது, காதால் கேட்டால் விளங்கும்.

தாத்தா பாட்டியின் கதையும் அவனுக்குத் தெரிய வேண்டும். 1823 இல் கோப்பித் தோட்ட வேலைக்கென்று தென்னிந்தியாவிலிருந்து முதல் குடும்பங்கள் வந்தன என்பது வரலாறு. பிறகு வந்தவர்கள் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியிலேயே எத்தனையோ பேர் செத்தார்கள். 2023 இல் அந்த 200 வருடத்தை நினைத்து அதே வழியில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பெரியவர்களும் இளம் பிள்ளைகளும் நடந்தார்கள். ஒரு நாடகம் மாதிரி, இரவில் படுக்கும்போது சொல்லுங்கள். எதிரிகளை வெல்ல இது உதவாது, அதற்காகச் சொல்லவும் இல்லை. தன்னைப் பார்த்துச் சொல்லப்படுகிற அந்தச் சொல்லைத் தவிர, தன்னைப் பற்றிச் சொல்ல வேறு சொற்களும் இருக்கின்றன என்று அவனுக்குத் தெரியட்டும்.

பாடசாலைக்குப் போக நீங்கள் பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் காயம் பள்ளிக்கூடத்தில் பட்டது, வீட்டில் மட்டும் மருந்து போட்டு ஆறாது. எங்கள் அனுபவத்தில், பள்ளிக்கூடத்துக்குள் தன் பக்கம் நிற்கிற ஒரு பெரிய ஆள் இருக்கிறார் என்று நம்புகிற பிள்ளை எவ்வளவோ தாங்கும். அந்த ஆளைத் தேடிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

காலையில் வாசலில் நின்று பேசாதீர்கள். நாற்பது பிள்ளைகள் உள்ளே ஓடுகிற நேரத்தில் எந்த டீச்சராலும் காது கொடுக்க முடியாது. மகனின் குறிப்புப் புத்தகத்தில் "உங்களோடு பத்து நிமிடம் கதைக்க வேண்டும், எந்த நாள் வரலாம்?" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். போகும்போது முறைப்பாட்டோடு தொடங்க வேண்டாம். "டீச்சர், இவன் ஊரில் சந்தோஷமாகப் போன பிள்ளை. இங்கே காலையில் வயிறு வலிக்கிறது. டொக்டரிடம் காட்டிவிட்டோம். இடைவேளையில் சாப்பிடுகிறான் இல்லை. நீங்கள் ஏதாவது கவனித்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நிறுத்துங்கள். டீச்சர் சொல்லட்டும். பெரும்பாலான டீச்சர்மார் அந்த இடத்தில் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

பிறகு சின்னதாக, செய்யக்கூடியதாகக் கேளுங்கள். மென்மையான ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இடம். இடைவேளையில் இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து செய்ய ஒரு வேலை. எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர், புதிதாக வந்து யாரோடும் பேசாமல் இருந்த பிள்ளையிடம் ஜன்னலில் இருந்த மணி பிளான்ட் போத்தல்களுக்குத் தண்ணீர் மாற்றுகிற வேலையைக் கொடுத்தார். தனியாக இல்லை, முன்வரிசைப் பிள்ளை ஒருவனோடு. முதல் கிழமை இரண்டு பேரும் பேசாமலே போத்தலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த கிழமை ஒரு போத்தல் விழுந்து உடைந்தது. டீச்சருக்குத் தெரியாது என்று நினைத்து இருவரும் சேர்ந்து கண்ணாடித் துண்டைப் பொறுக்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து சிநேகிதம். டீச்சர் எல்லாவற்றையும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், காலில் குத்தாமல் மட்டும் கவனித்துக்கொண்டாராம்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம் என்று டீச்சரிடம் பணிவாகச் சொல்லுங்கள். உங்கள் மகனை எழுப்பி நிறுத்தி, "இவனை யார் அப்படிச் சொன்னது?" என்று வகுப்பு முழுக்க விசாரிப்பது. அன்றைக்கு நியாயம் கிடைத்த மாதிரி இருக்கும், அடுத்த இடைவேளையில் பழி விழும். சொன்ன பிள்ளைகளோடு தனித்தனியாகக் கதைக்கலாம். அவர்களும் ஒன்பது வயதுப் பிள்ளைகள்தான், அந்தச் சொல்லை எங்கோ ஒரு பெரியவரின் வாயிலிருந்து எடுத்திருக்கிறார்கள். பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியர் இருந்தால் அவரையும் கேளுங்கள். வகுப்பாசிரியர் தட்டிக் கழித்தால் பகுதித் தலைவர், அவருக்கு மேல் அதிபர், அதற்கும் மேல் வலயக் கல்வி அலுவலகம். பேசிய திகதியையும் பேசியதையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவருக்கு இந்தப் பகுதியைத் தயவுசெய்து வாசித்துக் காட்டுங்கள். தம்பி, நீங்கள் பதினாறு வயதில் தனியாக இந்த ஊருக்கு வந்து எவ்வளவு கேட்டிருப்பீர்கள் என்று யோசித்தால் மனசு கனக்கிறது. உங்களுக்கு அப்போது பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. மகனுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். பெல்ட்டைத் தொடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 ஆம் இலக்கச் சுற்றறிக்கையே சொல்கிறது. வீட்டில் மட்டும் அடி எப்படி நல்லதாகும்? வலிக்கிற வயிற்றுக்கு மேலே அடியும் விழுந்தால், அடுத்த தரம் அவன் வலியையும் சொல்ல மாட்டான். அன்றைக்கு அடித்ததற்கு "அப்பா கோபத்தில் அடித்துவிட்டேன், அது பிழை" என்று அவனிடம் சொல்லுங்கள். பிள்ளையிடம் அப்படிச் சொன்னால் அப்பாவின் மரியாதை குறையாது. அப்புறம், கடையில் சேர்ந்த முதல் மாதம் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், இரவில் எங்கே படுத்தீர்கள், அழுதீர்களா, முதலில் உங்களோடு சாப்பிட உட்கார்ந்தவர் யார் என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். "நான் தாங்கவில்லையா" என்று முடிக்காமல், கதையாகச் சொல்லுங்கள். உலகத்தில் தனக்கு மட்டும்தான் இப்படி என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

காலை நேரத்துக்கு வருவோம். வலிக்கிறது என்று வீட்டில் நிறுத்தினால் அன்றைக்கு நிம்மதி. ஆனால் நாளைக்குப் போவது இன்றையை விடப் பாரமாகும், நாலு நாள் நின்றால் மலையாகும். ஆகவே காய்ச்சலோ உண்மையான நோயோ இல்லாத நாளில் அனுப்பத்தான் வேண்டும். அதற்காக இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். "வலிக்கிறது, தெரியும். மெல்ல மெல்லப் போவோம்" என்று சொல்லி, கொஞ்சம் சுடுதண்ணீர் கொடுத்து, மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லுங்கள். நெருக்கடியான காலையில் இதற்கு நேரம் இருக்காது, எனவே பையை இரவே அடுக்கி வையுங்கள். இந்த வயதில் ஒன்பது மணித்தியாலமாவது நித்திரை வேண்டும். மிகவும் முடியாத நாட்களில், முதல் பாடத்துக்கு மட்டும், அல்லது இடைவேளை வரைக்கும் என்று டீச்சரோடு பேசி வைத்துக்கொண்டு, பிறகு நேரத்தைக் கூட்டலாம்.

பாடசாலை மாற்றம் இப்போது வேண்டாம். ஒரே வருடத்தில் இரண்டாம் தரம் புது ஆளாக நிற்க வைப்பது பெரிய சுமை, போகிற இடத்திலும் அதே சொல் இருக்கலாம். மேலே சொன்ன படிகள் எல்லாம் ஏறி இறங்கியும் பள்ளிக்கூடம் அசையவில்லை என்றால் அப்போது யோசிக்கலாம். டியூஷனும் இப்போதைக்கு வேண்டாம். புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி எடுக்காத பிள்ளைகள்தான் எந்த வருடமும் அதிகம். அவர்களிலும் நிறையப் பேர் பிறகு நன்றாகத்தான் படித்து வருகிறார்கள். பின்னேரங்கள் இந்தப் பிள்ளைக்கு விளையாடத் தேவை.

எடை குறைந்தால், இரவில் வலியால் எழும்பினால், வாந்தியிலோ மலத்திலோ இரத்தம் கண்டால், விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தால் திரும்பவும் டொக்டரிடம் போங்கள். எங்கள் விளக்கத்தை நம்பிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தோடு பேசிய பிறகும் சில கிழமையில் மாற்றம் தெரியாவிட்டால், அல்லது விளையாட்டிலும் ஆசை போய்விட்டால், பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் மனநலப் பிரிவு இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரி, பணம் கட்டத் தேவையில்லை. "நான் செத்துப்போனால் நல்லது" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் விளையாட்டுக்கென்று விட்டுவிடாமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். பள்ளிக்கூடத்தில் அடி, துன்புறுத்தல் என்று போனால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

நாளைக்கும் ரொட்டியே கொடுத்துவிடுங்கள், அவனுக்கு அதுதான் பிடிக்கும் என்றால். பாணும் ஜாமும் கேட்டால் அதையும் கொடுங்கள், அதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. டீச்சரோடு கதைத்த பிறகு இரண்டு பேருக்குப் போதுமான அளவு வைத்து அனுப்பிப் பாருங்கள். இந்தத் தவணை முடிவதற்குள் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். பெட்டி எப்படித் திரும்பி வந்தது என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா